பத்து எம்.பி.க்குள் ஒன்பது வருடம்

சென்னையில் ஒரு ஆர்க்கிடெக்ட் நிறுவனத்திலிருந்து அந்த மின்னஞ்சல் வந்தபோது நான் ஒரு கழிப்பறையின் கதவு உள்பக்கம் திறப்பதா வெளிப்பக்கம் திறப்பதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நாலே வரி. விண்ணப்பத்தைப் பார்த்தார்களாம், இரண்டு வாரத்துக்குள் போர்ட்ஃபோலியோ அனுப்ப வேண்டுமாம். இருபது பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. கோப்பு பத்து எம்.பி.யைத் தாண்டக் கூடாது.

எங்கள் தொழிலில் பட்டத்தையோ மதிப்பெண்ணையோ யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. இதுவரை என்ன கட்டினாய், காட்டு என்பார்கள். செய்த வேலைகளின் வரைபடங்களையும் புகைப்படங்களையும் அடுக்கி ஒரு தொகுப்பாகக் கொடுக்க வேண்டும். கல்லூரியை விட்டு வெளியே வரும் பிள்ளைகள்கூடப் பளபளவென்று ஒன்று வைத்திருப்பார்கள். எனக்கு முப்பத்துநாலு வயது. போர்ட் பிளேரில் ஒரு ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் ஒன்பது வருட வேலை. காட்டுவதற்கு என்னிடம் ஒரு பக்கம்கூட இல்லை.

சென்னையில் படித்துவிட்டு நான் திரும்பி வந்தது அப்பாவுக்காக. சிவகங்கைப் பக்கத்திலிருந்து அரசு வேலைக்காகத் தீவுக்கு வந்தவர் அவர். பக்கவாதம் வந்து படுத்ததும், ஒரு வருடம் கூட இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன். அப்பா போய் ஐந்து வருடம் ஆகிவிட்டது. இதற்கிடையில் கல்யாணமும் ஆயிற்று. என் கணவர் ஒரு சரக்குக் கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் இருக்கிறார். அவர்களுக்குச் சென்னையிலும் கிளை உண்டு. "உனக்கு அங்க வேலை கிடைச்சா சொல்லு, நான் மாத்தல் கேட்டுக்கறேன்" என்று அவர் சொல்லி இரண்டு வருடமாகியிருந்தது. நான்தான் போன மாதம்வரை விண்ணப்பிக்காமல் இழுத்துக்கொண்டே இருந்தேன்.

முதலில் போனில் இருக்கும் படங்களைத் தேடினேன். ஆயிரக்கணக்கில் இருந்தன. விரிசல் விட்ட சுவர், வளைந்த கம்பி, துருப்பிடித்த ஜன்னல், கான்கிரீட்டில் தேன்கூடு மாதிரி ஓட்டை விழுந்த தூண், தப்பான இடத்தில் வைத்த ஸ்விட்ச் போர்டு, நடுவில் யாரோ ஒரு மேஸ்திரியின் கட்டைவிரல். கொத்தனாருக்கும் கான்ட்ராக்டருக்கும் 'இதைச் சரிசெய்' என்று அனுப்புவதற்காக எடுத்தவை. சரியாக வந்த எதையும் நான் படம் எடுத்ததே இல்லை. சரியாக வந்துவிட்டால் அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். ஒன்பது வருடமாக நான் பிழைகளை மட்டுமே படம் பிடித்திருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அலுவலகக் கம்ப்யூட்டரில் வரைபடங்கள் இருந்தன. ஆனால் ஒவ்வொரு தாளின் வலது மூலையிலும் அலுவலகத்தை நடத்தும் சாரின் பெயர், சாரின் பதிவு எண், சாரின் கையெழுத்து. எனக்கும் ஆர்க்கிடெக்ட் பதிவு எண் இருக்கிறது. வருடா வருடம் புதுப்பிக்கிறேன். அதை ஒரு தாளிலாவது எழுத வேண்டிய சந்தர்ப்பம் வந்ததில்லை.

சாருக்கு அறுபது வயது இருக்கும். நாகர்கோவில்காரர். முப்பது வருடமாகத் தீவில் இருக்கிறார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது மூன்று நாள் அவருடைய கார் எங்கள் வாசலிலேயே நின்றது. அதனாலேயே அவரிடம் எதையும் நேராகக் கேட்க எனக்கு வாய் வராது. அன்றைக்கு மத்தியானம் அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வரும்வரை காத்திருந்து கேட்டேன்.

"சார், நான் செஞ்ச வேலையெல்லாம் ஒரு தொகுப்பா போட்டு வைக்கலாம்னு பார்க்கறேன். நாலஞ்சு டிராயிங் எடுத்துக்கட்டுமா?"

"எதுக்கு?"

"சும்மாதான் சார். ரெக்கார்டுக்கு."

அவர் துண்டால் கையைத் துடைத்தபடி என்னைப் பார்த்தார். "மெயின்லேண்ட்ல வேலை தேடுறியா?"

நான் மேஜையிலிருந்த தாள்களை அடுக்க ஆரம்பித்தேன்.

"அரே, இதுல என்னம்மா இருக்கு. எடுத்துக்கோ. ஆனா ஒண்ணு சொல்றேன். நான் டிசைன் பண்ணேன்னு எங்கயும் எழுதாத. அசிஸ்ட் பண்ணேன்னு எழுது. டிசைன் ஆபீஸோடது."

"ரங்கத் வீடு சார்?"

"அதுவும்தான்."

"அந்த சைட்டுக்கு நீங்க ஒரு தடவகூட வரலையே சார்."

"வரலைன்னா என்ன? போன்ல சொன்னேன்ல?"

அவர் போனில் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. 'மணல் வரட்டும், அதுவரைக்கும் வெயிட் பண்ணு' என்றார். அவ்வளவுதான்.

ரங்கத்தில் ஒரு வங்காளிக் குடும்பத்துக்குக் கட்டிய வீடு அது. பாக்குத் தோட்டம் வைத்திருக்கும் ஒரு அம்மாள், அவர் மகன், மருமகள். வழக்கமான கான்கிரீட் வீடாகத்தான் வரைந்திருந்தோம். அஸ்திவாரமும் தூண்களும் முடிந்த நேரத்தில், மெயின்லேண்டிலிருந்து மணல் ஏற்றி வர வேண்டிய பார்ஜ் படகு வரவில்லை. ஒரு மாதம் போயிற்று, இரண்டு மாதம் போயிற்று. இங்கே கடற்கரையில் கண்ணுக்கெட்டிய தூரம் மணல் கிடக்கும். சட்டப்படி அள்ளக் கூடாது. அள்ளினாலும் உப்பு மணல் கம்பியைத் தின்றுவிடும். மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தக் குடும்பம் பழைய தகரக் கொட்டகையில் இருந்தது. நான் அங்கே உட்கார்ந்தே பிளானை மாற்றினேன். கையிலிருந்த கொஞ்ச மணலில் சுவர் இடுப்பு உயரம் வரைக்கும் ஹாலோ பிளாக். அதற்கு மேல் உள்ளூர் படாக் மரச் சட்டமும் பலகையும். பலகைக்கும் கூரைக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி விட்டேன், காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகட்டும் என்று. முன்னால் அகலமாக ஒரு வராந்தா. ஃபேன் இல்லாமல் மத்தியானம் தூங்கலாம் என்று அந்த அம்மாளிடம் சொன்னேன். மழைக்கு முன்னால் குடியேறினார்கள். என் வாழ்க்கையில் நானாக யோசித்து நானாக முடிவெடுத்த கட்டடம் அது ஒன்றுதான். ஆனால் அதன் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. முடிந்த பிறகு நான் அந்தப் பக்கம் போனதும் இல்லை.

கணவர் தன் நண்பரிடமிருந்து ஒரு நல்ல கேமரா வாங்கிக் கொடுத்தார். கல்யாணங்களுக்குப் படம் எடுக்கும் நண்பர். "லென்ஸ் மேல கை வைக்காதே, அவன் என்னைக் கொன்னுருவான்" என்று நாலு தடவை சொன்னார். ஒரு சனிக்கிழமை விடிவதற்கு முன்னால் பஸ் ஏறினேன். ஜிர்காடாங் சோதனைச் சாவடியில், வண்டிகளைச் சேர்த்துக் காட்டு வழியே அனுப்பும் கான்வாய் கிளம்பும்வரை டீயைக் குடித்துக்கொண்டு நின்றேன். பழங்குடியினர் வாழும் அந்தக் காட்டு வழியில் படம் எடுக்கக் கூடாது என்பதால் கேமராவைப் பைக்குள்ளே வைத்து மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாராடாங் போகும் ஃபெரியில் பஸ்ஸோடு சேர்ந்து நீரைக் கடந்து, ரங்கத் போய் இறங்கும்போது பன்னிரண்டு மணி தாண்டியிருந்தது. வழியெல்லாம் மனசுக்குள் அந்த வீட்டைப் படம் எடுத்துக்கொண்டே போனேன். முன்னால் நின்று ஒன்று, வராந்தாவின் நீளம் தெரிகிற மாதிரி ஒன்று, பலகைக்கு மேலே வெளிச்சம் கீற்றாக விழுகிற மாதிரி ஒன்று. அந்தக் கடைசிப் படத்தைத்தான் முதல் பக்கத்தில் வைக்க நினைத்திருந்தேன்.

வீட்டுக்கு முன்னால் நின்றபோது வழி தப்பிவிட்டோமோ என்று தோன்றியது.

வராந்தா இல்லை. அந்த இடத்தில் நீல நிற இரும்பு ஷட்டர். மேலே மொபைல் ரீசார்ஜ், ஜெராக்ஸ், பாஸ்போர்ட் போட்டோ என்று ஒரு போர்டு. பக்கச் சுவரில் ஏ.சி.யின் வெளிப்பெட்டி தொங்கிக்கொண்டிருந்தது. கூரைக்கும் பலகைக்கும் நடுவில் நான் விட்டிருந்த இடைவெளியில் தெர்மாகோல் அடைத்து, அதன் மேல் பழைய விளம்பர ஃப்ளெக்ஸை ஆணி வைத்து அடித்திருந்தார்கள். ஒரு பேஸ்ட் விளம்பரத்தின் பாதிச் சிரிப்பு வீட்டைச் சுற்றிலும் ஓடியது.

அந்த அம்மாள் என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். இங்கே எல்லோரையும் போல அவருக்கும் நான் இன்ஜினியர்தான். "ஆவோ ஆவோ, இன்ஜினியர் மேடம்! தேக்கோ, கித்னா அச்சா ஹோ கயா!" எவ்வளவு நன்றாகியிருக்கிறது பார் என்று கடையைக் காட்டினார். மகன் கல்லாவிலிருந்து எழுந்து வந்து வணக்கம் சொன்னார்.

நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். அந்த ஃப்ளெக்ஸை ஒரு அரை மணி நேரம் மட்டும் கழற்றிவிட்டுப் படம் எடுத்துக்கொள்ளட்டுமா, நானே திரும்ப மாட்டிக் கொடுக்கிறேன் என்று என்னுடைய தீவு ஹிந்தியில் கெஞ்சினேன். அம்மாளின் முகம் மாறியது.

"நஹி மேடம். ஏசி கா டண்டா சப் பாக் ஜாயேகா."

குளிர்ச்சி ஓடிவிடுமாம். அவரை மாசி, அதாவது சித்தி, என்றுதான் கூப்பிடுவேன். "மாசி, இந்த வீட்டுக்கு ஏசி எதுக்கு? காத்து வரணும்னுதானே அந்த இடைவெளியே விட்டேன்?" என்று கேட்டுவிட்டேன். ஹிந்தியில் கேட்டபோது இன்னும் கொஞ்சம் கடுமையாகவே வந்திருக்கும்.

அவர் கோபப்படவில்லை. "ஹவா தோ பஹுத் ஆத்தா தா, மேடம்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, எனக்குச் சங்கடமாக இருக்கக் கூடாது என்கிற மாதிரி, "லேகின் பாரிஷ் பி ஆத்தா தா" என்றார். காற்று நிறைய வந்தது. ஆனால் மழையும் வந்தது.

அவர் சொல்வதை நான் நம்பவில்லை. பக்கங்களில் கூரையை வெளியே இரண்டடி நீட்டியிருந்தேன். அது போதும் என்று கணக்குப் போட்டுத்தான் விட்டிருந்தேன். கட்டடத்தைப் பயன்படுத்தத் தெரியாமல் ஏதோ சொல்கிறார்கள் என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

லாட்ஜில் தங்குவதாக இருந்தேன், அம்மாள் விடவில்லை. வெளியிலிருந்து எடுக்க ஒன்றும் இல்லாததால் பின்கட்டுக்குப் போனேன். அங்கே மட்டும் நான் கட்டியபடியே இருந்தது. சமையலறையை ஒட்டிய நீளமான தாழ்வாரம், அதில் பரப்பிக் காய்ந்துகொண்டிருந்த பாக்கு, மரத் தூண்கள் கைபட்டுக் கைபட்டு வழுவழுவென்று ஆகியிருந்தன. பத்துப் பதினைந்து படம் எடுத்தேன். நன்றாக வந்தன. ஆனால் அது சமையலறையின் பின்புறம். அதை வைத்து யாரிடம் என்ன சொல்ல?

ஐந்து மணிக்கு மழை பிடித்தது. மே மாதக் கடைசி, பருவமழை அப்போதுதான் தொடங்கியிருந்தது. தென்மேற்கிலிருந்து காற்றோடு சேர்ந்து வந்தது. நான் ஷட்டருக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மழை நேராக விழவில்லை. கிட்டத்தட்டப் படுத்துக்கொண்டே வந்தது. கூரை நீட்டத்துக்குக் கீழே புகுந்து அந்த ஃப்ளெக்ஸின் மேல் சடசடவென்று அறைந்தது. அந்தத் தெர்மாகோலும் ஃப்ளெக்ஸும் இல்லையென்றால் அவ்வளவு தண்ணீரும் உள்ளே கட்டில் மேல்தான் விழுந்திருக்கும். அம்மாள் பக்கத்தில் வந்து நின்று, முதல் வருடம் எந்தெந்த இடத்தில் வாளி வைத்தார்கள், மருமகள் துணிமூட்டையை எந்த மூலையில் ஏற்றி வைத்தாள் என்று கையை நீட்டிக் காட்டினார். குறையாகச் சொல்லவில்லை. பழைய கதையைச் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே மாசி?"

"கியா தகலீஃப் தேனா" என்றார். உங்களுக்கு எதற்குத் தொந்தரவு என்று.

இந்தத் தீவில் பிறந்து வளர்ந்தவள் நான். மழை எப்படி அடிக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் நான் வளர்ந்தது போர்ட் பிளேரில், சரிவில் நெருக்கி நெருக்கிக் கட்டிய அரசுக் குடியிருப்பில். ரங்கத்தில் அந்த வீட்டுக்குத் தென்மேற்கே திறந்தவெளி. காற்றைத் தடுக்க ஒன்றும் இல்லை. அந்தக் காற்றை வரவேற்கத்தான் அந்த ஒரு முழத்தையே விட்டிருந்தேன். கூரை இன்னும் ஒன்றரை அடி நீண்டிருந்தால் போதும். அல்லது அந்த இடைவெளியில் சாய்வாகப் பலகைகள் வைத்திருக்கலாம். ஒரு தடவை, ஒரே ஒரு மழைக்காலத்தில் வந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். எரிச்சல் யார் மேல் என்று தெரியாமல் ஒரு காகிதத்தை எடுத்து அந்த வீட்டின் குறுக்குவெட்டை வரைந்தேன். மழை வந்த கோணத்தையும் வரைந்தேன். பிறகு வெளிச்சம் இருக்கும்போதே அந்த ஃப்ளெக்ஸையும் ஷட்டரையும் அப்படியே படம் எடுத்தேன். மகன் கடை போர்டு முழுசாகத் தெரிய வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அதுவும் தெரிகிற மாதிரியே எடுத்தேன்.

போர்ட் பிளேர் திரும்பி வந்து தொகுப்பைப் போட உட்கார்ந்தேன். ஒரு லாட்ஜ், ஒரு பல் டாக்டரின் கிளினிக், மூன்று வீடுகள், கோயில் ஒன்றின் அன்னதானக் கூடம். எல்லாவற்றிலும் 'அசிஸ்ட் பண்ணேன்' என்று எழுதிப் பார்த்தேன். ஆறு பக்கத்தில் ஆறு தடவை அந்த வார்த்தை. வாசிக்கிறவனுக்கு நான் பென்சில் சீவிக் கொடுத்தவள் என்று தோன்றும். அழித்துவிட்டு ஒவ்வொரு பக்கத்திலும் கீழே மூன்று வரி எழுதினேன்: எதை நான் முடிவு செய்தேன், எதை அலுவலகம் முடிவு செய்தது, எது சைட்டில் மாறிப்போயிற்று. ரங்கத் வீட்டுக்கு நாலு பக்கம் ஒதுக்கினேன். முதல் வரைபடம், மணல் வராமல் மாற்றிய வரைபடம், இப்போதைய படங்கள், மழைக் கோணத்தோடு திருத்திய குறுக்குவெட்டு.

கணவர் பின்னால் நின்று பார்த்தார். "இது என்ன, ரீசார்ஜ் கடை போட்டோவை வச்சிருக்கே?"

"அதுதான் என் வீடு."

"பாகல் ஆயிட்டியா, பைத்தியமா உனக்கு? ஒழுகற வீட்டைக் காட்டி யாராவது வேலை கேப்பாங்களா? அந்தப் பாக்குப் படத்தை மட்டும் போடு. மெயின்லேண்ட்காரன் படம்தான் பார்ப்பான், படிக்க மாட்டான்."

அவர் சொன்னது சரிதான் என்று பாதி மனசு சொன்னது. அதனாலேயே அவரிடம் எரிந்து விழுந்தேன். தொகுப்பை முடித்துக் கோப்பாக மாற்றினால் நாற்பத்தெட்டு எம்.பி. வந்தது. சுருக்கினேன். பதினேழு. இன்னும் சுருக்கினேன். ஒன்பது. அப்போது பாக்குகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழ் மாதிரித் தெரிந்தன. மரத்தின் ரேகை போயிற்று. ஷட்டரின் நீலமும் கடை போர்டின் எழுத்துகளும் மட்டும் பளிச்சென்று இருந்தன. அதையே அனுப்பினேன். நெட் இரண்டு தடவை பாதியில் நின்றது. மூன்றாவது தடவை போயிற்று.

கூடவே ஒரு அனுபவச் சான்றிதழும் கேட்டிருந்தார்கள். சார் தன் கையாலேயே தட்டச்சு செய்து கொடுத்தார். நான் ஒன்பது வருடமாக அவரிடம் வேலை செய்வதாகவும், வரைபடங்களைச் சுத்தமாகவும் குறித்த நேரத்திலும் வரைந்து தருவதாகவும், நற்குணம் உடையவள் என்றும் எழுதியிருந்தது. என்னைப் பாராட்டித்தான் எழுதியிருந்தார். கொடுக்கும்போது அவர் முகத்தில் அந்தத் திருப்தி தெரிந்தது. நன்றி சார் என்று வாங்கிக்கொண்டு என் மேஜைக்கு வந்து, அதில் டிசைன் என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று இன்னொரு தடவை தேடினேன்.

பத்து நாள் கழித்து நேர்காணல். வீடியோ அழைப்பு. அலுவலகத்தில் பேச முடியாது, எங்கள் வீட்டில் சிக்னல் நிற்காது. கணவரின் ஆபீஸில் ஒரு அறையைக் காலி செய்து கொடுத்தார்கள். சுற்றிலும் கட்டிப் போட்ட பெட்டிகள், ஜன்னலுக்கு வெளியே லாரி பின்வாங்கும் சத்தம். திரையில் இரண்டு பேர். ஒரு இளைஞர், நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண். நிறுவனத்தின் பங்குதாரர்களில் அவரும் ஒருவர்.

இளைஞர்தான் ஆரம்பித்தார். என் கோப்பைத் திரையில் போட்டு வேகமாகப் புரட்டினார். "உங்க டிசைன் ஃபிலாசஃபி என்ன?"

நான் யோசிப்பதற்குள் அடுத்த கேள்வி. "ரெண்டர்ஸ் எதுவும் இல்லையா? த்ரீ-டி வியூ?"

"எங்க கிளையன்ட்ஸுக்கு அது தேவைப்படலை. சைட்டுல குச்சி நட்டுக் காட்டினா போதும்."

அவர் சிரித்தார். கேலியாக இல்லை, ஆனால் அதற்கு மேல் கேட்க அவருக்கு ஒன்றும் இல்லை. பிறகு அந்தப் பெண் "ஒரு நிமிஷம், பின்னாடி போங்க" என்றார். ரங்கத் பக்கத்தில் நிறுத்தினார்.

"இந்தக் கடையை ஏன் போட்டிருக்கீங்க?"

சொன்னேன். மணல் வராததை, பிளானை மாற்றியதை, மழை உள்ளே வந்ததை, அவர்கள் ஃப்ளெக்ஸ் அடித்ததை, ஒன்றரை அடியை. சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் குரல் எனக்கே நன்றாகக் கேட்டது. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"தப்பை யாரும் போர்ட்ஃபோலியோல வைக்க மாட்டாங்க" என்றார்.

"அது மட்டும்தான் மேடம் முழுக்க என்னோடது."

அவர் தலையசைத்து எதையோ குறித்துக்கொண்டார். பிறகு கேள்விகள் அவரிடமிருந்தே வந்தன. மணல் பார்ஜ் வர எத்தனை நாள் ஆகும், சிமென்ட் எந்த மாதத்தில் இறக்கினால் நனையாது, படாக் மரத்துக்கு யாரிடம் அனுமதி வாங்க வேண்டும், வடக்கு அந்தமானுக்கு லாரி போக என்ன வழி, உள்ளூரில் நல்ல தச்சர்கள் எங்கே இருக்கிறார்கள். எல்லாம் எனக்கு அத்துப்படி. உற்சாகமாகச் சொன்னேன். வெளியே வந்தபோது என் முகத்தைப் பார்த்தே கணவர், "கிடைச்சிருச்சா?" என்றார்.

"கிடைச்ச மாதிரிதான்."

ஒரு வாரம் நான் நல்லவளாக இருந்தேன். யாரிடமும் எரிந்து விழவில்லை. சென்னையில் எந்தப் பக்கம் வீடு பார்க்கலாம் என்றுகூடப் பேசினோம்.

கடிதம் வந்தது. வேலை கொடுத்திருந்தார்கள். அந்தமானில் ஒரு ரிசார்ட் கட்டப் போகிறார்களாம். அதற்குத் தள ஒருங்கிணைப்பாளர். இருப்பிடம் போர்ட் பிளேர். சரக்கு, ஆட்கள், கப்பல், அனுமதி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வரைவது சென்னையில்.

மூன்று தடவை படித்தேன். பிறகு கடிதத்தின் கீழே இருந்த எண்ணைக் கூப்பிட்டேன். அந்தப் பெண்ணே எடுத்தார்.

"மேடம், நான் டிசைன் வேலைக்குத்தானே விண்ணப்பிச்சேன்?"

"ஆமாம்மா. ஆனா டிசைன் டீமுக்கு நாங்க எதிர்பார்க்கிறது வேற மாதிரி. உங்க போர்ட்ஃபோலியோல அது தெரியலை. உங்க கள அறிவு ரொம்ப அபூர்வம். அதை விட மனசில்லை."

"சைட்டுல ஏதாவது மாத்தணும்னா நான் மாத்தலாமா?"

"இங்க டீம்கிட்ட சொல்லணும். அவங்க அப்ரூவ் பண்ணுவாங்க. ரெண்டு வருஷம் பாருங்க, அப்புறம் யோசிக்கலாம்."

மரியாதையாகத்தான் பேசினார். என் மேல் அவருக்கு உண்மையிலேயே மதிப்பு இருந்தது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அதுதான் தாங்க முடியவில்லை. முகத்தில் அடித்த மாதிரி வேண்டாம் என்று சொல்லியிருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பேன். என் நாலு பக்கத்தையும் கவனமாகப் படித்த ஒரே ஆள், அதைப் படித்துவிட்டு எனக்கு மணல் இறக்கத் தெரியும் என்று முடிவு செய்திருக்கிறார்.

வேண்டாம் என்று எழுதி அனுப்பினேன். கணவருக்குக் கோபம். "வேலை வேலைதானே? உள்ள போயிட்டா அப்புறம் பார்த்துக்கலாம். இங்க மட்டும் என்ன வாழுதாம்?" என்றார்.

"இங்க பண்றதையே அங்கயும் பண்றதுக்கு எதுக்குப் போகணும்?"

"கம்பெனி பெருசு."

"அப்ப நீங்க போங்க."

இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் அவரே கேமராவைத் திருப்பிக் கொடுக்கப் போகும்போது, படங்களை எல்லாம் வேறொரு இடத்தில் சேமித்துவிட்டாயா என்று கேட்டார். சேமித்துவிட்டேன் என்றேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அதே கோப்பைக் கோயம்புத்தூரில் இரண்டு நிறுவனங்களுக்கு அனுப்பினேன். ஒன்றிலிருந்து பதிலே இல்லை. இன்னொன்றில் ரெண்டர் இருந்தால் அனுப்பச் சொன்னார்கள். ராத்திரி உட்கார்ந்து பயிற்சி எடுத்து நானும் அந்த மென்பொருளைக் கற்றுக்கொள்ளலாம்தான். இந்த வயதில் கட்டாத வீட்டுக்கு வெயிலும் நிழலும் போட்டுக் காட்ட எனக்கு மனசு வரவில்லை. அது என் பிடிவாதமா, சோம்பலா என்று எனக்கே தெரியவில்லை.

மழைக்காலம் பாதி போனபோது அலுவலகத்துக்குப் போர்ட் பிளேரை ஒட்டிய கராச்சர்மாவில் ஒரு டாக்டரின் கிளினிக் வேலை வந்தது. இரண்டு மாடி. பிளான் முழுக்க நான்தான் போட்டேன். அச்செடுப்பதற்கு முன்னால் சாரிடம் போய், இதில் என் பெயரையும் பதிவு எண்ணையும் போடுகிறேன், முடியாதென்றால் இந்த மாதத்தோடு நின்றுகொள்கிறேன் என்றேன். இந்தத் தடவை அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருக்கவில்லை.

அவர் தட்டிலிருந்து நிமிர்ந்தார். "மெயின்லேண்ட் வேலை கிடைக்கலைன்னு என்கிட்ட காட்டுறியா?"

"கிடைச்சது சார். நான்தான் போகலை."

அது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. நாலு நாள் என்னிடம் பேசவில்லை. அலுவலகத்தில் நாங்கள் மூன்றே பேர். சொல்ல வேண்டியதை மூன்றாமவரிடம் சொல்லி அனுப்பினார். ஐந்தாம் நாள் என் மேஜைப் பக்கம் வந்து நின்றார்.

"பேர் போட்டா, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா கேஸும் உன் பேர்லதான் வரும். தெரியும்ல?"

"தெரியும் சார்."

"சரி. போடு. யாரு அதைப் படிக்கப் போறா."

பெயரைப் போட்டேன். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். 'யாரு படிக்கப் போறா' என்று அவர் சொன்னது மட்டும்தான் காதில் இருந்தது.

அடுத்த வாரம் டாக்டர் அலுவலகத்துக்கு வந்தார். தாளை விரித்தோம். அவர் வலது மூலையைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சாரிடம், "இது யாரு?" என்று கேட்டார்.

"நம்ம பொண்ணுதான்" என்றார் சார். "நல்லா வரைவா."

டாக்டர் சரி என்பது போலத் தலையாட்டிவிட்டு, மாடிப்படியை ஏன் இந்தப் பக்கம் வைத்தீர்கள், வயசானவர்கள் ஏற முடியுமா என்று சாரைக் கேட்டார். சாருக்குப் பதில் தெரியாது. அவர் அந்தப் படியை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கிறார். நாற்காலியைத் தள்ளி எனக்கு இடம் விட்டார். நான் குனிந்து சொல்ல ஆரம்பித்தேன். நான் பேசி முடிக்கும்வரை டாக்டர் சாரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.